கீழ்வரி

மினாமிஹாமா என்ற அந்தத் துறைமுக ஊரில் காக்கை உட்காரும் இடத்திலெல்லாம் ஒரு பலகை இருந்தது. ஏறவும், இறங்கவும், தலையைக் குனியவும், நாயைக் கையில் பிடித்துக்கொள்ளவும் என்று அந்த ஊர் வாயைத் திறக்காமலே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. பார்த்தால் ஊமை, பழகினால் வாயாடி.

வேலைக்கு வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் நிர்வாகமே ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தால், மேலே ஜப்பான் எழுத்து இருந்தபடியே இருக்கும். அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் அவரவர் பாஷையில் ஒரு வரி ஓடும். காதோரக் கம்பியிலிருந்து ஒரு குரல் அதை வாசித்துக் காட்டும். குரல் எந்தச் சொல்லைச் சொல்கிறதோ அந்தச் சொல் விளக்கேற்றியதுபோல் பளிச்சென்று ஆகும். மேல்வரி, கீழ்வரி என்று தொழிலாளிகள் அவற்றுக்குப் பேர் வைத்திருந்தார்கள்.

பேச்சிமுத்து அந்த ஊரில் சாரம் கட்டுகிறவன். தென்காசிப் பக்கம் சவுக்குக் கம்பும் கயிறுமாகக் கட்டிக்கொண்டிருந்தவன், இங்கே இரும்புக் குழாயும் திருகுமாகக் கட்டினான். சாமான்தான் வேறே தவிர, மேலே நிற்கிறவனுக்கு வீசுகிற காற்று எல்லா ஊரிலும் ஒரே காற்றுதான். அவனுக்கு எழுத்து தெரியாது. ஜப்பான் எழுத்தை விடுங்கள், தமிழ் எழுத்தே தெரியாது. அப்பன் ஆத்தாளோடு சூளை சூளையாகப் போய்ச் செங்கல் அறுத்த பிள்ளை அவன். மற்றவர்கள் படிக்கிற வயசில் மண் மிதித்தான். எழுத்து என்பது அவனுக்கு எறும்பு ஊர்ந்துபோன தடம்.

கண்ணாடி போட்டபிறகு அந்த எறும்புகள் மெல்ல நின்றன. காதில் “கவனம்” என்று குரல் கேட்கும்போதெல்லாம் கண் முன்னால் ஒரே மாதிரி மூன்று நான்கு வளைவுகள் பளிச்சிட்டன. சாரத்தில் கவனம், படியில் கவனம், பாசியில் கவனம். ஒரு நாள் குரல் வாய் திறக்குமுன்னே பேச்சிமுத்துவின் வாய் “கவனம்” என்றது. அன்றைக்கு அவன் தெருவில் நின்று தனியாகச் சிரித்தான். அதே ‘க’ கதவில் வந்தது, கடையில் வந்தது, கழிப்பறையில் வந்தது. வழியில் போகிற ஒவ்வொரு பலகையும் தெரிந்த ஆள்போலக் கை காட்டிற்று. கண்ணாடி அவனுக்கு ஜப்பான் பாஷை கற்றுக்கொடுக்க வந்தது. அவன் அதனிடம் தமிழ் படித்துக்கொண்டான். பலாப்பழம் உரித்தவன் கையில் பால் ஒட்டுவதுபோல ஜப்பானும் கூடவே ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதும் பலகைகளின் பாஷைதான். ஒருமுறை மாடியிலிருந்து ரசத்தைக் கொட்டும்போது கீழ்வீட்டம்மாள் காயப்போட்ட வெள்ளைத் துணியில் அது போய் விழுந்துவிட்டது. பேச்சிமுத்து ஓடிப்போய்த் தலையைக் குனிந்து, தனக்குத் தெரிந்த நல்ல ஜப்பானில் சொன்னான்: “இடையூறுக்கு மிகவும் வருந்துகிறோம். பணி முடியும்வரை பாதசாரிகள் மறுபக்கமாகச் செல்லவும்.” அந்த அம்மாள் துணியையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தவன், பரீட்சையில் தவறிவிட்டான்.

“பேச்சிமுத்து சான், எனக்கே வருத்தமாக இருக்கிறது” என்றாள் மினகாவா. பேருக்குப் பின்னால் சான் போடுவது அந்த ஊர் மரியாதை. மினகாவா கண்ணாடித் திட்டத்தின் அதிகாரி. நரை விழுந்த தலை, கையில் ஒரு தட்டைக் கணினி. நிதானமாகப் பேசுவாள். “உங்கள் மேஸ்திரி நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள் என்கிறார். கண்ணாடியோ, இல்லை என்கிறது.”

“கண்ணாடி எப்படிச் சொல்லுது?”

“அது பலகையை மட்டும் பார்ப்பதில்லை, உங்கள் விழியையும் பார்க்கிறது. தெரிந்த சொல் என்றால் விழி மேல்வரியோடு நின்றுவிடும். தெரியாத சொல் என்றால் உதவி தேடிக் கீழ்வரிக்கு இறங்கும். இறங்காத சொற்களுக்கு அது கீழ்வரியை எடுத்துவிடும். அப்படி ஊரில் பாதிப் பலகைகள் துடைக்கப்பட்டால் நீங்கள் தேறியவர். வேலை நீட்டிப்பு உண்டு, மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி உண்டு.” அவள் கணினியை அவன் பக்கம் திருப்பினாள். “உங்கள் விழி எல்லாப் பலகையிலும் இறங்குகிறது. நுழைவாயில் என்ற சொல்லுக்குக்கூட. தினமும் அதே வாசலில்தானே நுழைகிறீர்கள்?”

பேச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். காரணம் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆள் அனுப்பிய ஏஜெண்டு அவனைப் பத்தாம் வகுப்புப் படித்தவன் என்று எழுதி அனுப்பியிருந்தான். உண்மையைச் சொன்னால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம்.

“மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு. ரயில் நிலையத்துக்கு முன்னால் நடந்து காட்ட வேண்டும். அதிலும் தவறினால்...” என்று நிறுத்திக்கொண்டாள் மினகாவா. தவறினால் ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அறையில் சவரிமுத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தான். உவரிக்காரன். பேச்சிமுத்துவோடு ஒரே சாரத்தில் நின்று, ஒரே அடுப்பில் சமைக்கிறவன். அவன் ஜப்பான் பாஷையைத் தொலைக்காட்சியில் பேஸ்பால் வர்ணனை கேட்டே பிடித்தவன். ஆகவே கடைக்குப் போய் உப்புக் கேட்டாலும் மைதானமே எழுந்து நிற்கிற மாதிரிதான் கேட்பான்.

“என்னவே, பாஸா பெயிலா?”

“பெயிலு.”

“எப்படிவே? நேத்து மேஸ்திரி சொன்னது எனக்கு வெளங்காம நீருதான எடுத்துச் சொன்னீரு?”

பேச்சிமுத்து கதவைச் சாத்தினான். “சிரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணும்.”

“மாதா சத்தியமா சிரிக்க மாட்டேன்.”

“எனக்குத் தமிழ் எழுத்து தெரியாம இருந்துச்சு. இந்தக் கண்ணாடியப் பாத்துத்தாம் படிச்சேன். மேல்வரி எல்லாம் பாத்த ஒடனே தெரிஞ்சிருது. ஆனா கீழ தமிழ் ஓடுதுல்லா, அத வாசிக்காம வர மனசு கேக்க மாட்டேங்குதுவே. பசிச்சவன் பந்தியப் பாத்துட்டு சும்மா போவானா?”

சவரிமுத்து கரண்டியோடு அப்படியே நின்றான். பிறகு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மீன் கருகுகிற அளவுக்குச் சிரித்தான். “அ ஆ படிக்கதுக்கு விமானம் ஏறி ஜப்பானுக்கு வந்த மொத ஆளு நீருதான்வே!” கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: “ஆவுடைக்குத் தெரியுமா?”

ஆவுடையம்மாள் பேச்சிமுத்துவின் மனைவி. ஊரில் பீடி சுற்றிக்கொண்டு, அவன் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவள்.

“அவ வாசிக்கத் தெரிஞ்சவ. எனக்கு எழுதப் படிக்க வராதுன்னு அவளுக்குத் தெரியும். இப்ப வரும்னு தெரியாது. இங்க வந்து எறங்கட்டும், நேர்ல காட்டணும்.”

“அதுக்கு அவ வரணும். அவ வரணும்னா உம்ம கண்ணு கீழ போவக் கூடாது.”

“அதான்வே.”

“அப்ப வாரும், இன்னைக்கே ஆரம்பிப்போம்.”

பயிற்சி தொடங்கிற்று. சவரிமுத்து அறை முழுக்க ஜப்பான் விளம்பரத் தாள்களை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஊரிலிருந்து வந்த அப்பளப் பாக்கெட்டு, மசாலாப் பாக்கெட்டு, கோயில் கொடை நோட்டீசு என்று தமிழ்த் துண்டுகளை ஒட்டினான். கையில் அகப்பையோடு எதிரே உட்கார்ந்தான். கண் கீழே இறங்கினால் முட்டியில் ஒரு போடு.

“போச்சு! கண்ணு போச்சு!”

“போவலவே.”

“அப்பளத்துக்குப் போச்சு. நான் பாத்தேன்.”

“‘வெயிலில் உலர்த்தியது’ன்னு போட்டிருக்கு.”

“அப்பளத்த வெயில்ல உலத்தாம நெலாவுலயா உலத்துவாவ? அதப் படிச்சு நீரு என்னத்தக் கண்டீரு?”

சாப்பிடும்போதும் விடவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலைக் கையில் எடுத்தவன் எடுத்தபடியே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

“இப்ப என்ன?”

“‘ஈரக் கரண்டி போடாதீர்’.”

“அது எனக்கும் தெரியும், எங்க ஆத்தாளுக்கும் தெரியும். ஊறுகாய நக்கத்தாம்வே குடுத்திருக்கு, வாசிக்கவா குடுத்திருக்கு?”

முட்டி வீங்கியதுதான் மிச்சம். கண் திருந்தவில்லை.

ஒரு நாள் உச்சிச் சாரத்தில் நடைப்பலகை மேல் நடந்துபோகும்போதுதான் பேச்சிமுத்துவுக்கு மண்டையில் உறைத்தது. இத்தனை வருசத்தில் சாரத்தின் மேல் நடக்கையில் அவன் கண் ஒருநாளும் தரைக்குப் போனதில்லை. கை பிடிக்கப்போகிற குழாயில் கண் நிற்கும். தரை அதுபாட்டுக்குக் கீழே கிடக்கும். கீழே பார்த்தவனுக்குக் கால் தானாகத் துவளும் என்று ஆள் பழக்கும்போதே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. ‘கீழ்வரியைத் தரைன்னு நெனச்சா என்ன?’

எதிர்க் கட்டடத்தின் பலகையைப் பார்த்தான். வாகனம் நிறுத்தும் இடம். கண் அங்கேயே நின்றது. அடியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது; அது தரை, அதைப் பார்த்தால் விழுவாய். கண் இறங்கவில்லை.

“எலே சவரி! நின்னுட்டுவே!” என்று அவன் கத்திய கத்தலில், கீழே குழாய் தூக்கிக்கொண்டிருந்த சவரிமுத்து எது நின்றுவிட்டதோ என்று குழாயைப் போட்டுவிட்டு ஓடினான்.

அன்றிலிருந்து தெருவில் போகும்போதும் சாரத்தில் போகிறவன்போலவே போனான். தாலி கட்டப்போகிற மாப்பிள்ளை மாதிரி விறைத்த கழுத்து, முன்னால் குத்திட்ட கண். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்து மணியடித்து, கடைசியில் தானே இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். பலகைகள் ஒவ்வொன்றாகத் துடைக்கப்பட்டன. நுழைவாயில் போயிற்று, வெளிவாயில் போயிற்று, மருந்துக்கடை போயிற்று. ஒவ்வொன்று போகும்போதும் ஆவுடை ஓரடி பக்கம் வருகிற மாதிரி அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஒரு காலையில் வேலைத்தளத்து வாசலில் எச்சரிக்கைப் பலகை கீழ்வரியில்லாமல் வெறும் ஜப்பானாக நின்றது. கவனம் போய்விட்டிருந்தது. அவன் வாசித்த முதல் சொல். முகமறிந்த ஆள் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போன தெருவில் நிற்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றான். அந்தப் பலகை அவனுக்கு இப்போதும் கவனம் என்றுதான் சொன்னது. ஆனால் சொன்ன வாய் வேறு. மேஸ்திரி கூப்பிட்டபிறகுதான் நகர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆவுடையம்மாள் வீடியோ போனில் வந்தாள். மடியில் பீடித்தட்டு. பக்கத்தில் ஏதோ வாள் மோதுகிற சத்தம்.

“என்னது சத்தம்?”

“சீரியலுங்க. சாமுராய் சீரியலு. நானும் பாஷ படிக்கணும்லா? கேளுங்க” என்று தொண்டையைக் கனைத்து, கண்ணை உருட்டி, ஜப்பானில் ஒரு முழக்கம் போட்டாள்.

பேச்சிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏட்டி, ‘அற்பனே, வாளை உருவு’ன்னுல்லா சொல்லுத! இத ஏர்போர்ட்ல வந்து அதிகாரிகிட்டச் சொல்லிராத.”

“பின்ன என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேசாம சிரிச்சாப் போதும்.”

“அது சரி, கழுத்த ஏன் அப்படி வச்சிருக்கிய? சுளுக்கா?”

“கீழ பாக்காம நடந்து பழகுதேன்.”

“ஏன், கீழ பாத்தா அந்த ஊர்ல அவராதம் போடுவாவளா?”

“கிட்டத்தட்ட அப்படித்தாம்னு வச்சிக்கோயேன்.”

அவள் இலையை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: “நான் வந்துருவேன்லா?”

“வந்துருவ.”

“சும்மா சொல்லாதிய. இங்க பக்கத்து வீட்டுக்காரி தெனமும் கேக்கா, எப்பப் போற எப்பப் போறன்னு. கல்யாணம் முடிச்சு நாலு வருசத்துல நாம சேந்து இருந்தது ஒரு கோடையும் ஒரு சாரலும்தான்.”

“வந்துருவட்டி” என்றான் பேச்சிமுத்து. கழுத்து விறைப்பாகவே இருந்தது. குரல்தான் கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

பரீட்சை நாளில் நல்ல வெயில். ரயில் நிலையத்துக்கு முன்னால் மினகாவா கணினியோடு நின்றாள். கண்ணாடியின் குரலை அணைத்துவிட்டாள்; பரீட்சையில் காதுக்கு உதவி கிடையாது. முடிவு பதிவாகும்வரை கீழ்வரி எதையும் கண்ணாடி எடுக்காது. “நீங்கள்பாட்டுக்கு நடங்கள். பலகைகளைப் பாருங்கள். நான் பின்னால் வருகிறேன். சுற்றி வந்ததும் அந்த மரத்தடியில் காத்திருங்கள், முடிவு வரச் சற்று நேரமாகும்.”

பேச்சிமுத்து மூச்சை இழுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினான், அதாவது நடைபாதையில். பேருந்து நிறுத்தம், தரை. காவல் நிலையம், தரை. தொலைந்த பொருள்கள் இங்கே, தரை. வழிநெடுகத் தமிழ் அவன் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது, பாலத்துக்கடியில் ஆறு ஓடுவதுபோல. அவன் குனியவில்லை. புதுப் பலகை, பழைய பலகை, தெரிந்த எழுத்து, தெரியாத எழுத்து எல்லாம் ஒரே மாதிரி அவன் முகத்துக்கு நேரே வந்து போயின. சுற்றி முடித்து, மரத்தடிக்கு வந்து, அங்கே கிடந்த பெஞ்சில் அப்பாடா என்று உட்கார்ந்தான். பெஞ்சின் முதுகில் ஒரு தாள் தொங்கிற்று. அதையும் நிமிர்ந்த தலையோடு ஒரு பார்வை பார்த்துத்தான் உட்கார்ந்தான்.

மினகாவா கணினியைப் பார்த்துக்கொண்டே வேகமாக வந்தாள். “பேச்சிமுத்து சான்! நம்பவே முடியவில்லை. ஒரு சொல்லுக்குக்கூட விழி இறங்கவில்லை. ஊர் முழுவதும் தெரியும் என்று...” தலையை நிமிர்த்தினாள். அவனைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் தொங்கிய தாளைப் பார்த்தாள். “பேச்சிமுத்து சான், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?”

அவன் திரும்பிப் பார்த்தான். மேல்வரி அவனுக்குத் தெரியாத எழுத்து. “அது... எல்லாரும் உக்காரலாம்னு.”

“எழுந்திருங்கள்.”

எழுந்தான். பெஞ்சு அவனைச் சுலபத்தில் விடவில்லை. பர்ரென்று ஒரு சத்தத்தோடுதான் விட்டது. பின்பக்கம் தொட்டுப் பார்த்த கை பச்சையாக வந்தது. சட்டை முதுகில், கால்சட்டையில், அணிலுக்குப் போட்டதுபோல் வரி வரியாகப் பச்சை. அப்போதுதான் அவன் கண் தன்னை மீறிக் கீழ்வரிக்கு இறங்கிற்று. ‘புதிதாக வண்ணம் பூசப்பட்டுள்ளது. அமராதீர்கள்.’

மினகாவா சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வந்தபோது முகம் அதிகாரி முகமாக இருந்தது. “இந்தத் தாளும் உங்களுக்குத் தெரியும் என்றுதான் கண்ணாடி எழுதியிருக்கிறது. நீங்கள் படிக்கவில்லை, பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறீர்கள். இதை நான் எழுதி அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா?”

பேச்சிமுத்துவுக்கு ஆவுடை தெரிந்தாள். பீடித்தட்டு, தலை நிமிராமல் கேட்ட கேள்வி. இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது, முதுகெல்லாம் பச்சையாக நிற்கிறவனுக்கு?

“எனக்கு ஜப்பான் தெரியும்மா. எல்லாம் தெரியாது, நெறையத் தெரியும். போன தடவ கண்ணு எறங்குனது தெரியாம இல்ல. கீழ இருக்கது என் பாஷை. அத எனக்கு யாரும் படிச்சுக் குடுக்கல. இந்த ஊரு போர்டுதாம் குடுத்துச்சு. ஆசையில எறங்கிருச்சு.” பலகை பாஷையில் இதற்கெல்லாம் சொல் இல்லை. வேலைத்தளத்துச் சொல்லும் கடைத்தெருச் சொல்லுமாகப் பொறுக்கிப் போட்டுத்தான் அவ்வளவையும் சொன்னான்.

மினகாவா கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “கண்ணாடியைக் கழற்றுங்கள்” என்றாள்.

போச்சு என்று நினைத்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தான்.

“இப்போது என்னோடு வாருங்கள். வாயால் சொல்லுங்கள்.”

அதே நடைபாதையில் இருவரும் திரும்ப நடந்தார்கள். அவள் விரலை நீட்ட நீட்ட அவன் வாசித்தான். பேருந்து நிறுத்தம். காவல் நிலையம். தொலைந்த பொருள்கள். இங்கே புகை பிடிக்க வேண்டாம். “இது?” “தெரியாது.” “இது?” “தெரியும், ஆனா வாயில வர மாட்டேங்குது... ஆங், சுமைப் பெட்டகம்!” அவன் பின்பக்கத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவன் கவனிக்கவில்லை. கண்ணாடியில்லாமல், யார் உதவியும் இல்லாமல், ஓர் ஊரைத் தன் வாயால் வாசித்துக்கொண்டு போவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. பரீட்சை என்பதே மறந்துபோயிற்று.

மரத்தடிக்கு வந்ததும் மினகாவா சொன்னாள்: “கண்ணாடி போன முறை தெரிந்ததைத் தெரியாது என்றது. இந்த முறை தெரியாததைத் தெரியும் என்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நீங்கள் தேறியவர்தான். நான் என் காதால் கேட்டேன், அப்படியே எழுதுகிறேன்.” கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் எத்தனையோ யோசித்தார்கள். கீழ்வரியை ஒரு மனிதன் ஆசைக்காகப் பார்ப்பான் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.”

“அம்மா, அந்த ஏஜெண்டு பத்தாம் வகுப்புன்னு...”

“நீங்கள் எத்தனை வகுப்பு என்று நான் கேட்கவில்லை” என்றாள் மினகாவா சட்டென்று. “நீங்களும் சொல்லவில்லை.”

கணினியை நீட்டினாள். அதில் ஒரு பச்சை வட்டம். “கையை வைத்தால் அனுமதி போய்ச் சேரும். ஆனால் தேறியவருக்குக் கீழ்வரி கிடையாது. ஊர் முழுக்கப் போய்விடும். அதை மட்டும் மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.”

அவன் நீட்டிய கை நின்றது. அவள் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். பிறகு, “ஒரு தடவ வாசிச்சுக்கிடட்டுமா?” என்று கேட்டான்.

அவள் தலையசைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மரத்தடியில் நின்றபடியே, கண்ணுக்கு எட்டிய பலகைகளின் கீழ்வரியையெல்லாம் சத்தம் போட்டு வாசித்தான். “வலப்பக்கமாக வரிசையில் நிற்கவும். முதியோருக்கு இடம் விடவும். மழைக்காலத்தில் தரை வழுக்கலாம். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.” கோயிலில் பாட்டுப் படிக்கிறவன் குரல் அவனுக்கு வந்துவிட்டிருந்தது. மினகாவாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கடைசிவரைக்கும் கேட்டாள்.

முடித்துவிட்டுக் கையை வைத்தான். எதிரே இருந்த பலகைகளில் மஞ்சள் ஒவ்வொன்றாக அவிந்தது, கடைவீதியில் இரவு விளக்கணைப்பதுபோல. ஊர் இனிமேல் அவனோடு ஒரே பாஷையில்தான் பேசும்.

ஆவுடையம்மாள் வருகிற தேதி தெரிந்ததும் பேச்சிமுத்து ஓர் அட்டையும் தூரிகையும் ஒரு டப்பா மையும் வாங்கிவந்தான். வாசிக்கத் தெரிந்த கைக்கு எழுதத் தெரியவில்லை. குழாய் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குள் தூரிகை ஈர்க்குச்சி மாதிரி வழுக்கிற்று. பழைய அட்டைகளில் எழுதி எழுதிப் பார்த்தான். கடைசியில் தலைநகரத்து விமான நிலையத்துக்கு ரயிலேறுமுன் எழுதி முடித்ததைச் சவரிமுத்து தூக்கிப் பிடித்து வாசித்தான்.

“ஏன்வே, பொண்டாட்டிக்கு யாராவது ‘அவர்கள்’ போடுவாவளா?”

“போர்டுன்னா மரியாதையாத்தாம் எழுதணும். நான் படிச்ச போர்டு ஒண்ணுகூட என்ன மரியாதக்கொறவாப் பேசினதில்ல.”

சவரிமுத்து அட்டையை மெதுவாகக் கீழே வைத்தான். கேலி பண்ண வாயெடுத்தவன், மை காயட்டுமென்று அதை ஊதிவிட்டான்.

வருகை வாசலில் பெரிய பெரிய ஓட்டல்காரர்களும் கார் ஓட்டுநர்களும் அச்சடித்த பேர்ப்பலகைகளோடு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் பேச்சிமுத்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றான். கதவு திறந்து திறந்து மூடியது. தள்ளுவண்டியில் இரண்டு பெட்டியும், வாய் கட்டிய ஒரு பையுமாக ஆவுடையம்மாள் வந்தாள். மினாமிஹாமா நிர்வாகத்தார் உள்ளேயே கொடுத்துவிட்ட புதுக் கண்ணாடி மூக்கில் சரிந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் பலகைகளைப் பார்த்து மிரண்டுபோய் வந்தவள், அவன் முகத்தைத் தேடினாள். முகத்துக்குமுன் அட்டை கண்ணில் பட்டது.

ஆவுடையம்மாள் அவர்கள் இவ்வழியே வரவும்.

வண்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரைக்கும் போனாள், மறுபடியும் முதலுக்கு வந்தாள். ‘ழி’யில் மை கொஞ்சம் ஒழுகியிருந்தது. அதில் கொஞ்ச நேரம் நின்றாள்.

“இது யாரு எழுதுனது?”

“நாந்தான்.”

“நீங்களா? யாரு படிச்சுக் குடுத்தா?”

“இந்த ஊருதான்.”

அவள் சரிந்த கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கண் மட்டும் அட்டையிலேயே இருந்தது. அப்போது அவள் காதோரக் கம்பியிலிருந்து அந்தக் குரல், பக்கத்தில் நிற்கிற பேச்சிமுத்துவுக்கும் கேட்கிறமாதிரி, மிகுந்த பணிவோடு சொல்லிற்று: “இந்தப் பலகையை நீங்கள் நீண்ட நேரமாகப் பார்க்கிறீர்கள். வாசிப்பதில் தங்களுக்குச் சிரமம் இருப்பதாகத் தெரிகிறது. தங்களை அடிப்படை வகுப்பில் சேர்த்திருக்கிறோம்.”

“அய்யோ, ஆவுட, கண்ண எடு! கண்ண எடுட்டி! கீழ்வகுப்புல போட்டுட்டான் பாரு!” என்று பதறினான் பேச்சிமுத்து.

“போடட்டும்” என்றாள் ஆவுடையம்மாள். கண்ணை எடுக்கவில்லை. “அட்டைய ஆட்டாமப் பிடிங்க.”